கடைசி நான்கு வருடங்கள்

ராபெர்ட்டோ லுவாங்கோவும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கையெழுத்துப் போட்டோம். 2009 செப்டம்பர் தொடக்கத்தில் அவர் வான்கூவர் கேனக்ஸ் ஐஸ் ஹாக்கி குழுவோடு 12 வருட ஒப்பந்தம் செய்துகொண்டார். 64 மில்லியன் அமெரிக்க டாலர். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நான் கோலாலம்பூரில், என் படிப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனத்தோடு, வான்கூவரில் படித்து முடித்துத் திரும்பியதும் எட்டு வருடம் உங்களிடமே வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்கு வயது 19. அவருக்கு 30.

கையெழுத்துப் போடும் முன் அப்பா அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் கட்டைப் புரட்டிக் கடைசித் தாளை மேலே எடுத்து வைத்தார். "மொதல்ல இத படி. மொதப் பக்கத்துல எல்லாரும் நல்லவனுங்கதான்."

வான்கூவரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்து அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் எட்மன்டனில் பிறந்த கிழவர். மர அறுவை ஆலையில் முப்பது வருடம் வேலை செய்து, வலது கையில் ஒன்றரை விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். நமக்கு ஹாக்கி என்றால் புல்லில் ஆடுவது, அஸ்லான் ஷா கிண்ணம், பாகிஸ்தான்காரன் அடிக்கிற பெனால்டி கார்னர். அவருக்கு அந்த வார்த்தைக்குப் பனிக்கட்டியைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது. நான் புல் ஹாக்கியைப் பற்றிச் சொன்னபோது, பாவம் இந்தப் பையன் என்பதுபோலப் பார்த்தார். நான் போய்ச் சேர்ந்த வாரம் அவர் முன்னால் ஒரு நாளேடு கிடந்தது. லுவாங்கோ படம். "43 வயசு வரைக்கும் கோல் காவல்! உன்னால நம்ப முடியுதா?" என்று கேட்டார். எனக்கு லுவாங்கோ யாரென்றே தெரியாது. நம்புவதற்கும் நம்பாததற்கும் வழியில்லை.

அன்றைக்கு அவர் அந்த நாளேட்டின் ஓரத்தில் போட்டுக் காட்டிய கணக்குதான் எனக்கு இந்த விளையாட்டைப் புரியவைத்தது. கோல், பெனால்டி எல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

2004 - 05ஆம் பருவம் முழுவதையும் முதலாளிகள் ஆட்டமே இல்லாமல் பூட்டி வைத்தார்கள். அதன் முடிவில் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்., ஒரு குழு தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்குமாகச் செலவழிக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. முதல் வருடம் 39 மில்லியன். லுவாங்கோ கையெழுத்திட்ட வருடம் 56.8 மில்லியன். ஓர் ஆட்டக்காரருக்கு இந்த வருடம் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை அந்த வரம்பு பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்து, அந்தச் சராசரியைத்தான் குழுவின் கணக்கில் எழுதுகிறது. ஓட்டை அங்கேதான் இருந்தது.

லுவாங்கோவுக்கு முதல் வருடம் 10 மில்லியன். அடுத்த ஏழு வருடம், ஒவ்வொன்றுக்கும் 6.7 மில்லியன் சொச்சம். ஆக எட்டு வருடத்தில் 57 மில்லியன் கைக்கு வந்துவிடும். ஒப்பந்தம் அதோடு முடிந்திருந்தால் சராசரி 7 மில்லியனைத் தாண்டும். அதனால் பின்னால் நான்கு வருடங்களை ஒட்டினார்கள். அந்த நான்குக்கும் சேர்த்தே 7 மில்லியன்தான். கடைசி இரண்டு வருடம் ஒரு மில்லியன் வீதம். இப்போது 64ஐ 12ஆல் வகுத்தால் 5.33. வருடத்துக்கு ஒன்றே முக்கால் மில்லியன் இடம் மிச்சமாகிறது. அதை வைத்து இன்னொரு நல்ல ஆட்டக்காரரை வாங்கலாம்.

கிழவர் அந்தக் கடைசி நான்கு எண்களைச் சுற்றி வட்டம் போட்டார். "இதெல்லாம் வருஷமே இல்ல" என்றார். யாரும் வாழப்போகாத வருடங்கள். அப்போது நான் அதை ஒரு நல்ல தந்திரமாகத்தான் பார்த்தேன். யாருக்கு என்ன நட்டம்?

பல குழுக்களும் அதைச் செய்துகொண்டிருந்தன. அதே 2009இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் மரியன் ஹோசாவுக்கு 12 வருடம் கொடுத்தது. மறுவருடம் நியூஜெர்சி டெவில்ஸ், இல்யா கொவல்சுக்குக்கு 17 வருடம், 102 மில்லியன் என்று அறிவித்தபோதுதான் லீக்குக்குக் கோபம் வந்தது. அவருக்கு 44 வயதாகும்வரை ஓடும் ஒப்பந்தம். கடைசி ஐந்து வருடச் சம்பளம் தலா 5,50,000 டாலர். லீக் நிராகரித்தது, நடுவரும் லீக் பக்கம் நின்றார். அதனால் என்ன, இரண்டு வருடத்தையும் 2 மில்லியனையும் குறைத்து, 15 வருடம், 100 மில்லியன் என்று மறுபடி எழுதினார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூன்றே வருடத்தில், 2013 ஜூலையில், மிச்சமிருந்த 77 மில்லியனை அப்படியே விட்டுவிட்டு கொவல்சுக் ரஷ்யாவுக்கு ஆடப் போய்விட்டார். நான் படித்ததிலேயே நீண்டகால ஒப்பந்தம் ஒன்றிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்துபோன ஆள் அவர் ஒருவர்தான்.

2010 பிப்ரவரி கடைசி நாள் அந்த நகரம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒலிம்பிக் இறுதியாட்டம். கனடாவுக்கு லுவாங்கோ காவல். கூடுதல் நேரத்தில் சிட்னி கிராஸ்பி அடித்த கோலில் அமெரிக்காவை 3-2 என்று வென்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். நான் நகர மையத்தில் ஒரு மதுக்கூடத்தின் சமையற்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கட்டணத்தை நிறுவனம் கட்டியது, சாப்பாட்டை அந்தத் தட்டுகள் கட்டின. அடுத்த வருடம் ஜூன் 15. ஸ்டேன்லி கிண்ண இறுதியின் ஏழாவது ஆட்டம், அதே நகரத்தில், போஸ்டனிடம் 4-0. ஆட்டம் முடிந்ததும் தெருவில் கார்கள் எரிந்தன. இரும்புக் கதவை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் ஏழு பேர் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். தலைமைச் சமையல்காரர் இருட்டில் லுவாங்கோவைத் திட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் பதினோரு வருஷம் இவன கட்டிக்கிட்டு அழணும் என்பதுதான் அதன் சாரம். அன்றுதான் அந்த 12 என்ற எண்ணை ஒரு காலமாக ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வீட்டுக்குக் கூப்பிடுவேன். கிள்ளானில் ஞாயிறு மத்தியானம். அப்பா சாப்பிட்டு முடித்து, பலகைக் கட்டிலில் படுத்தபடி பேசுவார். ஹாக்கியில் அவருக்கு ஆர்வமில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்பதில் அபார ஆர்வம். "அந்தக் கோல்கீப்பர் பையன் என்ன ஆனான்?" என்று கேட்பார். அதற்குக் காரணம் உண்டு.

1995இல் அப்பா துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம், ஈபிஎஃப், சொக்சோ எல்லாம் இருந்தது. ஒருநாள் தவுக்கே அவரையும் இன்னும் நான்கு பேரையும் கூப்பிட்டு, இனி நீங்களே லோரிக்கு முதலாளி என்றார். ஏழு வருடத் தவணை. ஒவ்வொரு நடைக்கும் வரும் கூலியிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஏழு வருடம் முடிந்தால் லோரி உன் பெயருக்கு. லோட் கட்டாயம் தவுக்கேயிடம்தான் எடுக்க வேண்டும். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார். எனக்கு ஐந்து வயது. பாயசம் ஞாபகம் இருக்கிறது, காரணம் பிறகுதான் தெரிந்தது.

டயர், டீசல், பழுது எல்லாம் முதலாளி செலவு. முதலாளி என்றால் அப்பா. மூன்றாவது வருடம் கூலியைக் குறைத்தார்கள். வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் அதுவரை கட்டியது போகும். நான்காவது, ஐந்தாவது வருடம் என்று கட்டக் கட்ட விட்டுவிட்டுப் போவது இன்னும் சிரமமாகிக்கொண்டே வந்தது. ஐந்தாவது வருடக் கடைசியில் ஒரு கொண்டெய்னர் கதவை இழுக்கும்போது முதுகு பிடித்தது. நான்கு மாதம் படுக்கை. மூன்று தவணை தவறினால் லோரி திரும்பிப் போகும், கட்டிய பணம் வாடகையாகக் கழியும் என்று கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்ததாம். சொக்சோ அலுவலகத்துக்கு அம்மா போய்க் கேட்டார். முதலாளிகளுக்கு அப்போது சொக்சோ கிடையாது.

2012 செப்டம்பரில் என்.எச்.எல். மறுபடி பூட்டிக்கொண்டது. முதலாளிகள் சொன்ன குறைகளில் ஒன்று, ஒப்பந்தங்கள் அளவுக்கு மீறி நீண்டுவிட்டன. ஐந்து வருடத்துக்கு மேல் கூடாது. அதே ஜூலையில்தான் மினசோட்டா வைல்ட், ஸாக் பரீஸேவுக்கும் ரையன் சூட்டருக்கும் ஒரே நாளில் தலா 13 வருடம், 98 மில்லியன் எழுதிக் கொடுத்திருந்தது. பிலடெல்ஃபியா, ஷேய் வெபரை நேஷ்விலிடமிருந்து இழுக்க 14 வருடம், 110 மில்லியன் நீட்டியது. நேஷ்வில் வேறு வழியில்லாமல் அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது. எழுதியவர்களே இரண்டு மாதம் கழித்து, எங்கள் கையைக் கட்டுங்கள் என்று கேட்டார்கள். மினசோட்டாவின் முதலாளி அந்தப் பேச்சுவார்த்தை மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். கிழவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டம் இல்லாத இரவுகளில் மதுக்கூடத்துக்குக் கூட்டம் வருவதில்லை. வாரத்துக்கு நான்கு இரவாக இருந்த என் வேலை ஒன்றாகச் சுருங்கியது. அந்தக் குளிர்காலம் முழுக்க முட்டையும் ரொட்டியும்தான். மில்லியனர்களுக்கும் பில்லியனர்களுக்கும் நடந்த சண்டையில் தட்டு கழுவுகிறவன் பட்டினி கிடந்தான் என்று எழுதினால் மிகையாகிவிடும். பட்டினி இல்லை. ஆனால் முட்டை இன்றைக்கும் பிடிப்பதில்லை.

2013 ஜனவரியில் உடன்பாடு வந்தது. சொந்தக் குழு ஆட்டக்காரருக்கு எட்டு வருடம், வெளியாளுக்கு ஏழு என்று உச்சவரம்பு. ஒரு வருடச் சம்பளத்துக்கும் அடுத்ததற்கும் பெரிய ஏற்ற இறக்கம் கூடாது. இதெல்லாம் நியாயம். ஆனால் கூடவே, பழைய ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும்படி ஒரு விதி போட்டார்கள்: நீண்ட ஒப்பந்தக்காரர் முடிவதற்குள் ஓய்வு பெற்றால், குழு அதுவரை சராசரியால் மிச்சம்பிடித்த இடத்தையெல்லாம் மிச்ச வருடங்களில் அபராதமாகத் திருப்பித்தர வேண்டும். அந்த வருடங்களே இல்லாத வருடங்கள் என்று கிழவர் வட்டம் போட்டாரே, அவற்றுக்கு ஒரே நாளில் உயிர் வந்துவிட்டது.

அதற்குள் கேனக்ஸ் குழுவில் இளையவரான கோரி ஷ்னைடர் முதல் கோல்காவலராகிவிட்டார். லுவாங்கோ பெஞ்சில். அவரை வேறு குழுவுக்கு மாற்ற எத்தனையோ மாதம் பேசிப் பார்த்தார்கள். 2022 வரை ஓடுகிற தாளை எவன் வாங்குவான்? 2013 ஏப்ரல் 3, மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள். நேரம் முடிந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் அவருக்கு 34 வயது. தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் வந்து நின்றார். தன் ஒப்பந்தம் படுமோசம் என்றும், தான் இன்னும் இங்கேயே இருப்பதற்கு அதுதான் காரணம் என்றும், முடிந்தால் இப்போதே கிழித்துப் போட்டுவிடுவேன் என்றும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. கிழவர் ஒலியைக் குறைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் கேலியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். 64 மில்லியன் வாங்கிக்கொண்டு அழுகிறான் பாருங்கள் என்ற தொனி. அப்பா உடனே பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நாலாவது வருஷமா அவனுக்கு?" என்று கேட்டார்.

"மூணாவது முடியப்போகுதுப்பா."

"ஆமா. அப்பதான் தெரியும்."

வேறெதுவும் சொல்லவில்லை. லோரியைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் அம்மா சொன்னது.

இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என்.எச்.எல். ஒப்பந்தத்தில் உடம்பு உடைந்தாலும் பணம் வந்தாக வேண்டும், தொழிற்சங்கம் உண்டு, கடைசிப் பக்கத்தைப் படித்துச் சொல்ல ஏஜெண்ட் உண்டு. அப்பாவுக்கு மிகவும் பிடித்த கதை ரிக் டிபியெட்ரோவினுடையது. நியூயார்க் ஐலேண்டர்ஸ் அவருக்கு 2006இல் 15 வருடம் கொடுத்தது, வருடத்துக்கு 4.5 மில்லியன். இடுப்பு, முழங்கால், மண்டை, பிறகு ஒரு சண்டையில் முக எலும்பு என்று அவர் உடம்பு வரிசையாக உடைந்தது. 2013இல் குழு அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பியது. விதி என்னவென்றால், மிச்சமுள்ள தொகையில் மூன்றில் இரண்டு பங்கை, மிச்சமுள்ள வருடங்களின் இருமடங்கு காலத்தில் கொடுக்க வேண்டும். எட்டு வருடம் மிச்சம், 36 மில்லியன். எனவே 24 மில்லியன், 16 வருடத்தில். 2029 வரை வருடம் ஒன்றரை மில்லியன், எந்தக் கோலையும் தடுக்காமல். "இத எழுதுன வக்கீல் யாரு? அவன் கால்ல விழணும்" என்பார் அப்பா. ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். சிரித்தால் முதுகு வலிக்கும், அதனால் கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு சிரிப்பார்.

நல்லபடியாக முடிந்த நீண்ட ஒப்பந்தங்களும் இருக்கின்றன. வாஷிங்டனில் அலெக்ஸ் ஒவெச்கின் 2008இல் எழுதிய 13 வருட, 124 மில்லியன் ஒப்பந்தத்தைக் கடைசி நாள்வரை ஆடித் தீர்த்தார். நடுவில் 2018இல் ஸ்டேன்லி கிண்ணமும் வாங்கினார். அவரைப் பற்றிச் சொல்ல அப்பாவிடம் எதுவும் இருந்ததில்லை.

வேய்ன் கிரெட்ஸ்கியின் கதை கிழவர் சொன்னது. சொந்த ஊர்க் கதை என்பதால் மாதம் ஒருமுறை சொல்வார். 1979 ஜனவரி 26, கிரெட்ஸ்கிக்கு 18 வயது நிறைந்த நாள். எட்மன்டன் அரங்கின் நடுவில், பனிக்கட்டியின் மேல் மேசை போட்டு, 21 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1999 வரை. முதலாளி பீட்டர் பொக்லிங்டன். ஒப்பந்தம் குழுவோடு இல்லை, அவரோடு, தனிப்பட்ட சேவைக்கு. நான்கு கிண்ணம் வாங்கிக் கொடுத்த பிறகு, 1988 ஆகஸ்டில், 15 மில்லியன் டாலர் ரொக்கமும் ஆட்களும் வாங்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிசுக்கு அவரை விற்றார்கள். அப்போது அவருக்குத் திருமணமாகி ஒரு மாதம் முடியவில்லை. கிரெட்ஸ்கி ஓய்வு பெற்றது 1999இல்தான். தாளில் எழுதிய அதே வருடம். ஆனால் நியூயார்க் சட்டையில். கிழவர் இந்த இடத்தில் எப்போதும் நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார்.

நான் 2013 மே மாதம் திரும்பி வந்து என் எட்டு வருடத்தைத் தொடங்கினேன். மறுவருடம் மார்ச்சில் லுவாங்கோவை ஃப்ளோரிடா பாந்தர்ஸ் எடுத்துக்கொண்டது. ஊரிலிருந்து தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான், ஒப்பந்தங்கள் ஆட்களைவிட அதிகம் வாழ்வதைக் கவனித்தேன். கிறிஸ் ப்ரோங்கருக்குக் கண்ணில் மட்டை அடித்து, 2011 நவம்பரோடு ஆட்டம் நின்றுபோனது. ஆனால் ஓய்வு பெற்றதாக அறிவித்தால் சிக்கல் என்பதால் அவர் காயம்பட்ட ஆட்டக்காரராகவே ஏட்டில் இருந்தார். 2015இல் அவரை ஹாக்கியின் புகழ் மாடத்தில் சேர்த்தார்கள். அதே வருடம் அவருடைய ஒப்பந்தத்தை அரிஸோனா வாங்கியது. அரிஸோனா கயோட்டீஸ் இப்படிப் பல ஒப்பந்தங்களை வாங்கி வைத்திருந்தது. ரஷ்யாவுக்குப் போய்விட்ட தாட்ஸ்யுக், சட்டை கவசம் பட்டாலே தோல் வெந்துபோகும் நோயால் நிறுத்திக்கொண்ட ஹோசா, கணுக்கால் போன வெபர். சம்பளத்துக்கு உச்சவரம்பு போலக் கீழ்வரம்பும் உண்டு. ஏழைக் குழு அந்த அளவைத் தொட, ஆட வராத பெயர்கள் மலிவான வழி. வெபரின் தாள் மொன்ட்ரியாலிலிருந்து வேகாஸ், அரிஸோனா, யூட்டா, சிகாகோ என்று ஊர் ஊராகப் போனது. ஆள் எங்கும் போகவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "லோரி போச்சு, அது சரி. டிரைவர் பேர மட்டும் விப்பாங்களா?"

2019 ஜூன் 26 அன்று லுவாங்கோ ஓய்வை அறிவித்தார். மூன்று வருடம் மிச்சம், கிழவர் வட்டம் போட்டவற்றில் கடைசி மூன்று. ஐந்து வருடமாகத் தங்களுக்கு ஆடாத ஒருவருக்காக வான்கூவருக்கு வருடத்துக்கு 3 மில்லியன் வீதம் மூன்று வருடம் வரம்பில் கழிந்தது. லீக் தானே ஏற்றுப் பதிவுசெய்த ஒப்பந்தத்துக்கு, மூன்று வருடத்துக்கும் மேல் கழித்து எழுதிய விதியால் தண்டனை. கடைசிப் பக்கத்தை முதலில் படித்தால் போதும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அதற்கும் பிறகு ஒரு பக்கத்தை யாராவது எழுதிச் சேர்க்கலாம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஓய்வை அறிவித்து லுவாங்கோ எழுதிய கடிதத்தை மட்டும் வாசித்து, தமிழில் சொன்னேன். இடுப்பு அறுவைக்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் மணிக்கணக்கில் முன்னதாகப் போய், இடுப்பைப் பழக்கிவிட்டுத்தான் பனியில் இறங்குவாராம். ஆட்டம் இல்லாத இரவிலும் அதே வேலைதானாம். அப்பா பலகைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். லோரி ஓட்டிய கடைசி வருடம் அவர் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல மெல்ல ஏறி இறங்குவது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஐந்து மணிக்கு லோரி எடுக்க வேண்டும். சுவரில் அந்த இடத்தில் சாயம் மங்கிப்போயிருந்தது.

"கண்டிராக்குல இன்னும் எவ்ளோ பாக்கி?" என்று கேட்டார்.

"மூணு வருஷம். காசு ரொம்ப இல்லப்பா, எல்லாம் சேத்து மூணரை மில்லியன் இருக்கும்."

"வேணாம்னுட்டானா?"

"வேணாம்னுட்டான்."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்கார்வதற்காகக் கையை நீட்டினார். நான் பிடித்துத் தூக்கினேன்.

"எந்தப் பக்கமாம் வலி?" என்றார்.